கடலோரப் பட்டினத்தில் தனி வாழ்க்கை

தாம்பரத்திற்கு மேற்கே, ஒரகடத்திற்கும் திருப்பெரும்பூதூருக்கும் அணித்தாக இருப்பது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கிய வேந்தன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கின்றது. ஏரியும் வயலும் பழைய கோயில்களுமாக நெடுங்காலம் அமைதியுற்றிருந்த இவ்வூரைச் சுற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. கண்ணாடி வார்க்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று திருப்பெரும்பூதூரில் உள்ளது. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய மோட்டார் வண்டிகள் ஒரகடத்திலிருந்து புறப்படுகின்றன. வயலை விற்றவர்கள் மாடி கட்டி, அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு அறைகள் உண்டு.

அவ்வறைகளுள் ஒன்றில் குடியிருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் ஒருநாள் மாலை கீழே இறங்கி வந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்திருந்தன. "ஐயா, என்னை ஆறு மாதப் பயிற்சிக்குப் பிரான்சுக்கு அனுப்பப் போகிறார்கள். வடமேற்குக் கரையில் ஒரு சிறு பட்டினமாம். நம்மவர் ஒருவரும் அங்கே இல்லை என்கிறார்கள். தனியாக எப்படி ஐயா இருப்பது? நீங்கள் மூன்று ஆண்டு புதுச்சேரியில் தனியாக இருந்தீர்களாமே" என்றார்.

கேள்வி எனக்குச் சிரிப்பை உண்டாக்கியது. புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் உள்ள தொலைவு என்ன, வேறுபாடு என்ன! ஆனால் எண்ணிப் பார்த்தபோது அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை என்று தோன்றிற்று. பிரெஞ்சுக்காரர் வகுத்த கடலோரப் பட்டினத்தில் தன்னந்தனியே வாழ்வது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டான் ஒருவனுக்கு எட்டக்கூடிய பாடசாலை புதுச்சேரிதான். அவருக்கு நான் சொன்னவற்றையும், சொல்ல மறந்து பிறகு நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே கூறுகிறேன். உங்களுள் பலரும் படிப்புக்காகவோ வேலைக்காகவோ விரைவில் வீட்டை விட்டுச் செல்ல இருப்பவர்கள் அல்லவா?

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய சிறு துறை அது. 1693-இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அவர்கள் இருந்தது சில ஆண்டுகளே. ஆயினும் சதுரங்கப் பலகைபோல நேர்நேராகத் தெருக்களை வகுக்கும் திட்டம் அவர்களிடமிருந்து வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் பழைய திட்டத்தின்மேலேயே மீண்டும் கட்டினர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. இவ்வளவும் வரலாற்று நூல்களில் கிடைக்கும். தனியாக வாழ வருகிறவனுக்கு இவற்றுள் பயன்படுவது அந்த நேர்த்தெருத் திட்டம் ஒன்றே. வழி தவறவே முடியாத ஊர் அது. எந்தக் குறுக்குத் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தாலும் கடல் வந்துவிடும். பழைய நகரை வளைத்துச் செல்லும் நான்கு புல்வார்களுக்குள் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். துணையில்லாதவனுக்கு இது சிறு வசதி அன்று. வண்டி வேண்டாம், வழி கேட்க வேண்டாம், ஒரு வாரத்தில் ஊர் நம்முடையதாகிவிடும்.

ஆனால் வீடு கிடைப்பது அவ்வளவு எளிதன்று. நான் 2009-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அங்கே ஆசிரியப் பணிக்குச் சென்றேன். மனைவியும் மக்களும் மணிமங்கலத்தில் இருந்தனர். பிள்ளைகளின் பள்ளிப்படிப்பைக் குலைக்க மனமில்லை. "குடும்பம் எங்கே?" என்பதே ஒவ்வொரு வீட்டுக்காரரின் முதற் கேள்வி. ஊரில் இருக்கிறது என்றால் நம்பாத பார்வை. நாற்பது வயதைக் கடந்த எனக்கே இந்நிலை என்றால் இருபத்திரண்டு வயது இளைஞனின் பாடு எப்படியிருக்கும்! பதினோரு வீடுகள் பார்த்தபின் பன்னிரண்டாவதாக ஒரு மாடியறை கிடைத்தது.

புதுச்சேரியின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டியது பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. இரண்டிலும் வீடுகளின் அமைப்பே வேறு. கிழக்குப் பகுதி வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். ஆளுயரத்திற்கு இருமடங்கு மதில், கனத்த மரக்கதவு, அதற்குப் பின்னே முற்றம், தோட்டம், உயர்ந்த தூண்கள். அழகெல்லாம் உள்ளே இருக்கும். தெருவில் செல்பவன் காண்பது மஞ்சட்சுவரும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப் பூங்கொடியுமே. மேற்குப் பகுதி வீடுகளோ தெருவை நோக்கித் திறந்தவை. வாசலில் திண்ணை, திண்ணைக்கு முன்னே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம். வீட்டுக்காரர் சாய்ந்து பேசலாம். ஒரு தெருவின் வீடுகள் எல்லாம் தாழ்வாரத்தால் கைகோத்து நிற்பதுபோல் இருக்கும்.

கூட்டுக் குடும்பத்திற்கு எந்த வீடானாலும் ஒன்றே. தனியாக இருப்பவனுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. மதிலுக்குள் வாழ்பவன் நோயுற்றுக் கிடந்தால் தெருவுக்குத் தெரியாது. திண்ணைத் தெருவிலோ, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், எத்தனை மணிக்கு வந்தீர்கள், கையில் என்ன வாங்கி வந்தீர்கள் என்பது பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும். முதல் மாதத்தில் இது எனக்குத் தொல்லையாக இருந்தது. மறு ஆண்டில் இதற்காகவே அவ்வறையை விட்டு வேறிடம் செல்ல மறுத்தேன். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி உணவு. ஒருவனுக்குச் சமைப்பது நால்வருக்குச் சமைப்பதைவிடக் கடினம் என்பதை வீட்டிலிருக்கும் ஆண்கள் அறியமாட்டார்கள். நானும் அறியாதவனாகவே சென்றேன். ஒரு கட்டுக் கீரை ஒருவனுக்கு அதிகம். அரைத்த மாவு மூன்றாம் நாள் புளித்துப் பொங்கும். கடலோரத்து வெக்கையில் இரண்டாம் நாளே பொங்கும். குழம்பு வைத்தால் மூன்று வேளை அதே குழம்பு. உணவு விடுதியையே நம்பினாலோ பணமும் போகிறது, வயிறும் போகிறது. நான் கண்ட வழி இது: காலையில் ரொட்டி, நண்பகலில் சொந்தச் சமையல், இரவில் பழமும் பாலும். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பழக்கங்களுள் நீண்ட ரொட்டி புதுச்சேரியில் இன்றும் நிலைத்திருக்கிறது. மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக இருக்கும் அந்த ரொட்டியின் குணம், அன்று சுட்டது அன்றே சுவைக்கும், மறுநாள் விறகாகிவிடும். ஆகையால் நாள்தோறும் கடைக்குப் போயே தீரவேண்டும். இதைக் குறையென்று எண்ணியிருந்தேன்.

மீன் உண்பவர்களுக்குப் பெரிய கடைத் தெரு இருக்கிறது. குபேர் அங்காடி என்று பெயர் மாறிய பின்னும் மக்கள் அதைப் பெரிய மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். அங்குள்ள மீன்காரப் பெண்கள் தனியாள்களை முகம் பார்த்தே அறிந்துகொள்வார்கள். கால் கிலோ கேட்டால் வேறு ஊர்களில் முகம் சுளிப்பார்கள்; இங்கே, "ஒத்த ஆளா அண்ணே?" என்று கேட்டு நான்கு மீனை எடுத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியின் இருமருங்கும் சந்தை விரிந்துவிடும். ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு குவளை, ஒற்றைத் தலையணை என்று வாங்குவதற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

மற்றொரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். நண்பகல் ஒரு மணிக்குப் பழைய கடைகளிற் பல கதவை இழுத்துச் சாத்திவிடும். மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். அந்த மூன்று மணி நேரமும் வெயிலும் உறக்கமும் ஊரை ஆளும். குடும்பத்தோடு இருப்பவனுக்கு அது இளைப்பாறும் பொழுது. தனியாக இருப்பவனுக்கு ஒரு நாளின் மிக நீண்ட பொழுது அதுவே. விடுமுறை நாட்களில் அப்பொழுதைக் கழிக்க நான் புத்தகத்தையே துணைகொண்டேன். ரங்கப்பிள்ளை வீதியில் 1827-இல் தொடங்கப்பெற்ற பொது நூலகம் ஒன்று உண்டு. இன்று ரோமேன் ரோலண்டு நூலகம் என்று பெயர். அங்கிருந்து எடுத்துவந்த நூல்களுள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்னை ஓராண்டுக் காலம் விடாமல் பிடித்துக்கொண்டது. துய்ப்ளெக்சு துரைக்குத் துபாஷாக இருந்த பிள்ளையவர்கள் 1736 முதல் 1761-இல் இறக்கும் வரையில் எழுதியது அது. கப்பல் வந்ததும், வராததும், யாருக்கு மரியாதை செய்தார்கள், யார் என்ன வதந்தி சொன்னார்கள் என்பதுமாக இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட புதுச்சேரி அதில் மூச்சுவிடுகிறது. அவர் நடந்த தெருவிலேயே அவர் எழுதியதைப் படிப்பவனுக்கு, அறையில் இன்னொருவர் இருப்பது போன்ற உணர்ச்சி உண்டாகும்.

மாலையில் கடற்கரை. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. இரவில் இது திரும்பிவிடும். ஆகையால் பிற்பகலில் ஊரே காற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ஆறு மணி முதல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். செஞ்சியிலிருந்து கொணர்ந்த எட்டுக் கற்றூண்களுக்கு நடுவே காந்தியடிகள் நிற்கிறார். 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம் பின்னே நிற்கிறது. கிழவரும் குழந்தைகளும் காதலரும் வடகோடியிலிருந்து தென்கோடிக்கும், மீண்டும் வடகோடிக்கும் நடந்துகொண்டேயிருப்பார்கள். தனியாக நடப்பவனை அங்கே யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஊர்ப்புறத்தில் ஒருவன் தனியாக ஏரிக்கரையில் நின்றால் நாலுபேர் கவலையோடு வந்துவிடுவார்கள். அந்தக் கரையில் தனியாக இருப்பது ஓர் இயல்பான செயல்.

நான் இருந்த காலத்தில் அங்கே மணல் இல்லை. கருங்கற்பாறைகளே கடலைத் தடுத்து நின்றன. நம் கீழ்க்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிச் செல்கின்றன. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக ஊருக்குத் தெற்கே கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வருகின்ற மணல் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. வடபுறத்துக் கரையைக் கடல் அரித்துக்கொண்டது. 2018-ஆம் ஆண்டையொட்டிக் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்தபின் ஊர்முகப்பில் மணல் மறுபடியும் படியலாயிற்று. மீனவக் குப்பங்கள் இழந்த கரை அவ்வளவு எளிதில் மீளவில்லை.

புதுச்சேரியில் தனியே வந்து இறங்கியவர்களை நினைக்கும்போது பாரதியாரை நினையாதிருக்க முடியாது. 1908-இல் சென்னையிற் கைது நேரும் நிலையில் அவர் அங்கே சென்றார். முதலில் குடும்பம் உடன் இல்லை. தெரியாத ஊர், பின்தொடரும் ஒற்றர், அடைக்கலம் தந்தவரையே போலீசார் மிரட்டும் நிலை. குவளைக் கண்ணன் போன்ற அன்பர்கள் துணைநின்றனர். வாடகை கேட்க வந்து, கவிஞர் பாடுவதைக் கேட்டுவிட்டு, கேளாமலே திரும்பிவிடும் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்னும் வீட்டுக்காரரைப் பற்றி அக்காலத்தவர் சுவையாகக் கூறுவர். பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்து 1918-இல் அவர் வெளியேறினார். கண்ணன் பாட்டும் குயிற்பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தப் பத்து ஆண்டுகளின் விளைவு. விளக்கெண்ணெய்ச் செட்டியாரின் வாரிசு எவரும் எனக்கு வீடு தரவில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்ல ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன். என் அறைக்குக் கீழ்வீட்டில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்ந்தார். அவ்வீட்டைத் தெருவில் 'சொல்தா வீடு' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் படைவீரனைக் குறிக்கும் சொல் தமிழ் வாயில் அவ்வாறு ஆயிற்று. 1881-இல் பிறந்த ஒரு சட்டம் புதுச்சேரித் தமிழர் தம் வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கவும், பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமைகளைப் பெறவும் வழி செய்தது. அதன் பயனாகப் பலர் சைகோன் முதலிய இடங்களில் அரசாங்க வேலைக்கும் படைக்கும் சென்றனர். 1962-இல், விரும்பியவர் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்படி சில ஆயிரவர் பிரெஞ்சுக் குடிகளாகவே இருந்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் அம்மூதாட்டியின் கணவர். பிள்ளைகள் மூவரும் பிரான்சில் இருந்தனர். இப்படி முன்னும் பின்னுமாகப் பூட்டிய வீடுகளும், ஒரே ஒரு கிழவர் அல்லது கிழவி மட்டும் இருக்கும் வீடுகளும் அத்தெருக்களிற் பல. பிரெஞ்சுப் பட்டினத்தின் தனி வாழ்க்கை என்றால் உண்மையில் அவர்களுடைய வாழ்க்கையே. நான் மூன்று ஆண்டு வந்துபோன விருந்தாளி.

அவரைப் பாட்டி என்று அழைத்தேன். என்னை அவர் 'வாத்தியார் தம்பி' என்பார். கணவரின் ஓய்வூதியம் பிரான்சிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை உரிய அதிகாரி முன் மெய்ப்பித்து, முத்திரை பெற்றுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்நாளில் வெளுத்த சேலை உடுத்தி, கணவரின் பதக்கப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். "பதக்கம் எதற்குப் பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கேன்னு காகிதம் சொன்னா போதுமா தம்பி? அவரும் இருந்தாருன்னு தெரிய வேணாமா?" என்றார்.

அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை. தெருவுக்கோ நாள்தோறும். விடியுமுன் அவர் வாசல் தெளித்துக் கோலமிடுவார். முழங்கால் நோவினால் கோலம் ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. இறுதியில் நான்கு புள்ளிக் கோலமாக நின்றது. ஆனால் இல்லாத நாள் இல்லை. பால்காரரும் எதிர்வீட்டாரும் அக்கோலத்தைப் பார்த்துவிட்டே தத்தம் வேலைக்குச் செல்வார்கள். 2011 ஐப்பசியில் ஒரு காலை கோலம் இல்லை. பால்காரர் மணியடித்துப் பார்த்து, என்னை எழுப்பி, எதிர்வீட்டாரையும் அழைத்தார். பின்கட்டில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார் பாட்டி. விழுந்து ஒரு மணி நேரமே ஆகியிருந்தது. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம், பிழைத்தார். கோலம் போடும் வழக்கம் அவருக்கு இல்லாதிருந்தால், அல்லது மதில் வீட்டில் இருந்திருந்தால், மாலைக்குள் எவராவது அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

அவ்வாண்டே என் முறையும் வந்தது. டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. மணிக்கு நூற்றிருபது, நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம் என்று பிறகு சொன்னார்கள். அந்த இரவில் நான் கேட்ட ஓசையை எந்த அளவாலும் சொல்ல முடியாது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் மடங்கின. மின்சாரம் போயிற்று, ஆகவே மோட்டாரும் இல்லை, தொட்டியில் நீரும் இல்லை. எனக்கு இரண்டு நாட்களாகவே காய்ச்சல். கைபேசியும் செத்துவிட்டது. மாடியில் குடிக்க ஒரு செம்பு நீரோடு படுத்திருந்தேன். குடும்பத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த நான், அன்று நிலாவில் இருப்பதாகவே உணர்ந்தேன்.

மறுநாட் காலையில் படிக்கட்டில் காலடி கேட்டது. ரொட்டிக்கடைப் பையன். "ரெண்டு நாளா ரொட்டி வாங்க வரலையாம். போய்ப் பார்த்துட்டு வாடான்னு மொதலாளி அனுப்பிச்சாரு" என்றான். அவனுக்குப் பின்னால், கையில் கட்டுடன் பாட்டி கீழ்ப்படியில் நின்று, "கஞ்சி வச்சிருக்கேன், எறங்கி வர முடியுமா, அனுப்பட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் பழைய கிணறு ஒன்று இருந்தது. வாளியால் இறைத்துத் தெரு முழுவதும் அன்று அந்நீரையே பருகினோம். மறுநாளே விறகாகிவிடும் அந்த ரொட்டியின் குணத்தைக் குறையென்று எண்ணியிருந்தேன் என்றேனே. ஒரு வாரம் கெடாத ரொட்டியாக இருந்திருந்தால் கடைக்காரருக்கு என்னைப் பற்றிய நினைவே எழுந்திராது.

இதைக் கேட்ட பொறியாளர், "அதெல்லாம் நம் ஊரில் நடக்கும் ஐயா. பிரான்சில் யார் வந்து பார்ப்பார்கள்?" என்றார். நல்ல கேள்வி. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டில் கடும் வெப்ப அலை வீசிற்று. வழக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியவர். பலர் தனித்து வாழ்ந்தவர். ஆகஸ்டு அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகளும் அயலாரும் வெளியூர் சென்றிருந்தனர். இறந்தது தெரியவே நாட்கள் ஆயின. உரிமை கோர ஆளில்லாத உடல்களை அரசே அடக்கம் செய்யும்படி ஆயிற்று. மறு ஆண்டில் அவர்கள் ஒரு சட்டம் இயற்றினர். அதன்படி ஒவ்வொரு ஊரின் மேயரும் தனித்து வாழும் முதியோர், உடல் நலிந்தோர் ஆகியோரில் விரும்புவோர் பெயர்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் மிகும் நாட்களில் அவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். நம் தெருவில் கோலமும் பால்காரரும் செய்வதை அங்கே ஊராட்சி மன்றம் பதிவேடு வைத்துச் செய்கிறது. எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். பால்காரர்கள் இப்போது அருகி வருகிறார்கள். பாக்கெட்டுப் பாலுக்கு யாரையும் தெரியாது.

பிறகு அவருக்குச் சில நடைமுறைச் செய்திகளையும் கூறினேன். அக்கரையில் உள்ள சாங்-மாலோ, லோரியாங் போன்ற பட்டினங்களிலிருந்துதான் முற்காலத்தில் புதுச்சேரிக்குக் கப்பல்கள் புறப்பட்டன. 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே சாங்-மாலோவிற் பிறந்தவர். நம் கடலில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. சாங்-மாலோவிலோ சில நாட்களில் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல். ஆறு மணி நேரத்திற்கு முன் நடந்த மணற்பரப்பில் மூன்று மாடி உயரத்திற்கு நீர் நிற்கும். ஆகையால் தனியாகக் கரையில் உலாவச் செல்பவன் அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டே செல்ல வேண்டும். இது விளையாட்டன்று.

அடுத்தது வெளிச்சம். டிசம்பரில் அங்கே காலை ஒன்பது மணியளவில் கதிரவன் எழும். மாலை ஐந்தேகாலுக்குள் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும். கோடையில் விடுமுறைக்கு வருவோரால் நிறையும் அத்தகைய பட்டினங்கள் குளிர்காலத்தில் பாதி காலியாகிவிடும். சாத்திய பலகணிகளே வரிசையாக நிற்கும். புதிதாகத் தனித்து வருபவனுக்கு இருட்டு மனத்தை அழுத்தும். வெளிச்சமுள்ள சில மணி நேரத்தில் வெளியே நடந்துவிடுவதும், வாரச் சந்தை எந்நாளில் எங்கே கூடுகிறது என்று அறிந்துவைப்பதும் மருந்தைப் போன்றவை. ஞாயிறன்று பல கடைகள் திறவா. நண்பகலிலும் சிறுகடைகள் மூடும். இது புதுச்சேரிக்காரனுக்குப் பழகியதே. கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருளைக் கேட்டால் முரடன் என்று கொள்வார்கள். அந்த ஒரு சொல்லை நாள்தோறும் ஒரே ரொட்டிக் கடையில் சொல்லுங்கள், பத்துக் கடையில் மாறிமாறி வாங்க வேண்டாம் என்றேன்.

நான் 2012-இல் மணிமங்கலத்திற்குத் திரும்பினேன். மறு ஆண்டு பாட்டியை மகன் பிரான்சுக்கு அழைத்துச் சென்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிட்டார். காணச் சென்றபோது காரணம் கேட்டேன். "நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க தம்பி. காலையிலே எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. நாலாவது மாடி. அங்கே வாசல் இல்லையே" என்றார்.

எங்கள் தெருவில் இப்போது வாசல்கள் இருக்கின்றன. ஆனால் மாடியறைகளில் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று இளைஞர்கள் தங்குகிறார்கள். வடமாநிலத்தவரும் தென்மாவட்டத்தவரும் கலந்து. மூன்று முறை வேலை என்பதால் ஒருவன் எழும்போது மற்றொருவன் படுக்கிறான். ஒரே பாயைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் வாரக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் தனியாக வாழ்பவர்களே. வீட்டுக்காரர்களாகிய நாங்கள் மாதத்தின் ஐந்தாம் தேதியில் மட்டும் அவர்களை எண்ணிப் பார்க்கிறோம். பொறியாளர் புறப்பட்டபின் மற்ற அறையில் உள்ள ஒடியாப் பையன்களின் பெயர்களை நான் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாக இருப்பவர்கள். அதுவரையில் எனக்குத் தெரியாது.

பொறியாளர் தை மாதத்தில் சென்றார். சின்னக் குக்கர் ஒன்றும், கொஞ்சம் புளியும், கம்பளிக் காலுறைகளும் எடுத்துச் செல்லச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வாரத்தில் தொலைபேசியில் பேசினார். காற்று அறைகிறது, புளி தீர்ந்துவிட்டது, கடலின் மேல் சூரியன் மறைவதை முதன்முறையாகப் பார்த்தேன் என்று பலவும் சொன்னார். ரொட்டிக் கடையைப் பற்றி விசாரித்தேன். கடைக்கார அம்மாள் இன்னும் அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லையாம். ஆனால் கதவைத் திறந்ததுமே ஒரு நீள ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றத் தொடங்கிவிடுகிறாராம்.